கட்டிக் கொடுத்தாயிற்று, சரி. ஒழுகினால் யார் கணக்கு?

மாதச் சம்பளக்காரர்களுக்காக நடத்தப்படும் பணப் பத்திரிகைகளில் ஓர் அறிவுரை திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டின் மதிப்பில் ஆண்டுக்கு ஒரு சதவீதத்தைப் பழுதுபார்ப்புக்கென்று தனியாக எடுத்து வையுங்கள் என்கிறார்கள். 50 லட்ச ரூபாய் வீடென்றால் ஆண்டுக்கு 50,000. மாதம் நாலாயிரத்துச் சொச்சம். கையைக் கடிக்காது, திடீர்ச் செலவு வராது, நிம்மதியாகத் தூங்கலாம். நல்ல யோசனைதான். யாருக்கு? வீட்டுக்கு மதிப்பு என்று ஒன்று இருப்பவனுக்கு.

சேரியில் நிற்கிற தொகுப்பு வீட்டுக்கு என்ன மதிப்பு? ஊர்த்தெருக்காரன் எவனும் காலனியில் வீடு வாங்கமாட்டான். வாங்க விரும்புகிற நம்மாளிடம் காசில்லை. ஒப்படைப் பட்டாவில் விற்கக்கூடாது என்கிற நிபந்தனை வேறு. ஆக, சந்தையில் பூஜ்யம். பூஜ்யத்தில் ஒரு சதவீதம் பூஜ்யம். ஆனால் ஐப்பசி மழைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? அது ஊரிலும் பெய்கிறது, சேரியிலும் பெய்கிறது. சிமெண்டு மூட்டை அண்ணா நகர் பங்களாவுக்கு ஒரு விலை, காலனி வீட்டுக்கு ஒரு விலை என்று யாரும் விற்பதில்லை. பழுதுச் செலவு வீட்டின் அளவையும் வயதையும் பார்த்து வருவது. சந்தை மதிப்பு சாதியைப் பார்த்து வருவது. இந்த இரண்டுக்கும் நடுவிலே கிடக்கிற இடைவெளியில்தான் நம் ஜனங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுப் பழுது பற்றி எழுதுவதற்கா இந்தப் பத்திரிகை என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள், தெரியும். அவர்களிடம் பிறகு வருகிறேன். முதலில் அரசாங்கத்தை முடித்துவிடுவோம்.

1974இல் தமிழ்நாட்டில் நமக்கென்று ஒரு வீட்டுவசதிக் கழகம் ஏற்படுத்தினார்கள். இன்று தாட்கோ என்றால் கடன் கொடுக்கும் அலுவலகம் என்றுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அது தொடங்கப்பட்டதன் முதல் நோக்கம், தீப்பிடிக்காத வீடுகள் கட்டித் தருவது. இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தீப்பிடிக்காத வீடு! 1968 டிசம்பர் 25 இரவில் வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தி ஆறு வருஷம்கூட ஆகவில்லை. கொளுத்துகிறவனை ஒன்றும் செய்ய முடியாத அரசு, கொளுத்தினாலும் பற்றாத கூரை தருகிறேன் என்று வந்தது. அப்புறம் 1985–86இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. முதலில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கு மட்டும் என்றுதான் இருந்தது. 1993–94இல் மற்ற ஏழைகளுக்கும் விரித்தார்கள். வீட்டின் அளவு 20 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்றது விதி. கணக்குப் போட்டால் 215 சதுர அடி. ஒப்பந்தக்காரரை உள்ளே விடக்கூடாது என்றும் விதி இருந்தது. காண்ட்ராக்டர் கை படாமல் எழும்பிய காலனி ஒன்று உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

குறைந்த காசில் கூடிய எண்ணிக்கை. திறப்பு விழாவுக்குச் சாமியானா, மாலை, சாவி கொடுக்கிற போட்டோ. அத்தோடு சரி. கொடுத்த வீட்டை அடுத்த முப்பது வருஷம் யார், எந்தக் காசில் பராமரிப்பது என்பதற்கு அந்தத் திட்டங்களில் ஒரு வரி இல்லை. 1999–2000இல் இந்திரா திட்டப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை இருக்கிற வீட்டைத் திருத்த ஒதுக்கினார்கள். அதுவும் மண்சுவர், கீற்றுக்கூரை வீட்டைக் கொஞ்சம் தேற்றுவதற்கு. வீட்டுக்கு 10,000 ரூபாய். கான்கிரீட் போட்டாகிவிட்ட வீடு பழுதாகும் என்கிற எண்ணமே அவனுக்கு இல்லை. அவன் பார்வையில் நமக்குக் கொடுத்தது தர்மம். தர்மமாகப் போட்ட சோறு ஊசிப்போனால் கேள்வி கேட்கலாமா?

கேள்வி கேட்கப் போனால் இன்னொரு சொல் வந்து வாயை அடைக்கும். பக்கா வீடு! 2011இல் எடுத்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பை வைத்துத்தான் 2016இல் பிரதமர் பெயரிலான ஊரக வீட்டுத் திட்டத்துக்குப் பட்டியல் போட்டார்கள். வீடே இல்லாதவர்கள், மண்சுவரும் கச்சாக் கூரையுமாக இரண்டு அறைக்குள் இருப்பவர்கள், இவர்களுக்குத்தான் இடம். கூரை கான்கிரீட் என்று பதிவாகிவிட்டால் முடிந்தது கதை. கம்பி வெளியே தொங்கினாலும் கான்கிரீட் கான்கிரீட்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டின் நிலையைக் கேட்கும் கேள்வி 2001இலும் இருந்தது, 2011இலும் இருந்தது. நன்றாக இருக்கிறதா, குடியிருக்கலாமா, சிதிலமா என்று கேட்டார்கள். ஆக, தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். கேட்டு எழுதிக்கொண்டு போனான், அவ்வளவுதான்.

வீடு என்றால் பழுதாகும், பழுதுக்குக் காசு வேண்டும் என்பது இந்த அரசாங்கத்துக்குப் புரியவே புரியாதா? அதுதான் இல்லை. நன்றாகப் புரிந்திருக்கிறது. வங்கியில் உட்கார்ந்திருப்பதால் எனக்குத் தெரிந்த ஒரு சமாச்சாரம் சொல்கிறேன். வீட்டை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறவர் வருமான வரி கட்டும்போது, வந்த வாடகையில் வீட்டு வரி போக மீதி மதிப்பில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். அந்தப் பங்குக்கு வரி கிடையாது. வீட்டைப் பழுதுபார்க்கச் செலவாகும், வாடகை வசூலிக்கச் செலவாகும் என்பதற்காகப் பழைய சட்டத்தில் இருந்த கழிவுகளை மொத்தமாக்கி 2001இல் இப்படி 30 சதவீதம் என்று வைத்தார்கள். ரசீது காட்ட வேண்டாம். ஒரு ஆணிகூட அடிக்காமல் வீட்டைப் போட்டு வைத்திருந்தாலும் கழிவு உண்டு. 2025இல் எழுதிய புது வருமான வரிச் சட்டத்திலும் இது அப்படியே இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம் காலனியைப் பார்ப்போமே. ஒரு தொகுப்பு வீட்டுக்கு மாதம் 1,500 வாடகை வரும் என்று வைப்போம். ஆண்டுக்கு 18,000. அதில் 30 சதவீதம் 5,400 ரூபாய். அரசாங்கம் தன் வாயாலேயே ஒத்துக்கொள்கிற அளவு இது. நாலு வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவனுக்குக் கேட்காமலே இதை விட்டுக்கொடுக்கிறது. அதே அரசாங்கம் தானே கட்டிய காலனி வீட்டுக்கு ஆண்டுதோறும் என்ன ஒதுக்குகிறது?

புயல் வெள்ளம் வந்தால் ஒதுக்கும். 2022 முதல் 2026 வரைக்கான ஒன்றிய அரசின் நிவாரண அளவுகளில், பகுதி சேதமடைந்த பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாய். அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதம் இருக்க வேண்டும். வருஷா வருஷம் ஒழுகுவது பேரிடர் இல்லையாம். ஒரே நாளில் இடிந்தால் பேரிடர். முப்பது வருஷமாக இடிந்துகொண்டிருந்தால் அது நம் தலையெழுத்து.

ஒரு கான்கிரீட் கூரை எப்படிச் சாகிறது என்பதை மாணவத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டட வேலைக்குப் போகிற நம் அண்ணன்மார்களுக்கு இது பாடம் எடுத்தா தெரிய வேண்டும். எழுதப் படிக்கப் போனவர்கள்தான் மறந்துபோனோம். கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி, ஈரமும் காற்றும் படாதவரை பத்திரம். கலவை மட்டமாக இருந்து, கம்பிக்குக் கீழே மூடி நிற்கிற கான்கிரீட் விரலளவுகூட இல்லாமல் போனால், தளத்தின் மயிரிழை விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கும். கம்பி துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி பருக்கும். பருத்த கம்பி அடியிலிருக்கிற காரையைத் தள்ளும். காரை பெயர்ந்து விழும். விழுந்த இடத்தில் கம்பி இன்னும் வெளியே வரும், இன்னும் வேகமாகத் துருவேறும். ஒன்றிலிருந்து ஒன்று. எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் செலவு.

எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் இப்போது சொல்லும் கணக்கு இது. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். 215 சதுர அடித் தளத்தைச் சுரண்டிக் கழுவி, விரிசலை அடைத்து, தண்ணீர் இறங்காத பூச்சு இரண்டு கை அடிக்கப் பொருளும் கூலியும் சேர்த்து ஏறத்தாழ 10,000. செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு மேலே தட்டோடு பதித்தால் 25,000க்கு மேல். கம்பி தெரிய ஆரம்பித்து, அதைத் துரு போகத் தேய்த்து, புதுக்கம்பி கட்டி, அடியிலே கலவை ஏற்ற வேண்டிய நிலை என்றால் 40,000, 50,000. அதையும் தாண்டிவிட்டால் தளத்தை இடித்துப் புதிதாகப் போட வேண்டும், லட்சத்துக்குக் குறையாது. முதல் கட்டத்தில் பத்தாயிரத்தோடு நிற்கிற நோய் நாலாவது கட்டத்தில் லட்சம். பணக்காரன் வீட்டில் முதல் கட்டத்திலேயே ஆள் வந்துவிடுகிறான். நம் வீட்டில் முதல் மூன்று கட்டமும் பாத்திரம் வைத்துப் பிடிப்பதிலேயே போய்விடுகிறது.

என் அத்தை வீடு 1989இல் கட்டியது. தளத்துக்கு மேலே தட்டோடு பதிக்கவில்லை. எஸ்டிமேட்டில் இல்லை என்றார்களாம். பத்துப் பதினைந்து வருஷத்தில் ஒழுக ஆரம்பித்தது. தார்ப்பாய் போட்டார்கள். காரை விழுந்தது. சாணித்தாள் மாதிரி ஏதோ ஒட்டி வெள்ளையடித்தார்கள். 2017இல் தூங்குகிற பேரப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பாளம் விழுந்ததும் 20,000 ரூபாயை அஞ்சு வட்டிக்கு வாங்கினார். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய். மாதம் ஆயிரம் வட்டி. இருபது மாதத்தில் வட்டி மட்டுமே அசலைத் தொட்டுவிட்டது, அசல் அப்படியே நின்றது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டதே அத்தை, புகார் குடுக்கலாமே என்றேன். "குடுக்கலாம்டா தம்பி, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு அவசரம்னா உன் சட்டமா வந்து காசு குடுக்கும்?" என்றார். கம்மல் போய்த்தான் அந்த அசல் தீர்ந்தது. தளமும் தீரவில்லை, மறுபடி ஒழுகியது. அப்புறம் மகளிர் குழுக் கடன்.

அந்தக் கடனையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 50,000 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம், இரண்டு வருஷம் என்றால் மாதத் தவணை 2,643 ரூபாய். மொத்தம் கட்டுவது 63,400க்கு மேல். 2022 ஏப்ரலிலிருந்து இந்த நுண்கடன் நிறுவனங்களுக்கு வட்டி உச்சவரம்பை ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டது. நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பாதி! நூறு நாள் வேலையும் கரும்பு வெட்டும் சித்தாள் வேலையுமாக வருகிற காசில் பாதியைத் தவணைக்குக் கொடுத்துவிட்டு மீதியில் வீட்டுப் பழுதுக்குச் சேமிக்கச் சொல்கிறது பணப் பத்திரிகை.

சரி, வங்கி எங்கே போனது? இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது நான். (எந்த வங்கி என்று கேட்காதீர்கள். சோறு போடுகிறது.) சேதமடைந்த வீட்டைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் கடன் முன்னுரிமைக் கடனாகவே கணக்கில் வரும். 2020 வழிகாட்டுதலில் பெருநகரத்தில் 10 லட்சம் வரை, மற்ற ஊர்களில் 6 லட்சம் வரை என்று இருந்தது. தாழ்த்தப்பட்டவருக்குக் கொடுத்தால் நலிந்த பிரிவினர் கணக்கிலும் சேரும். எல்லாம் தாளில் இருக்கிறது. கவுண்டரில் நடப்பது வேறு. பட்டா கொண்டா என்பார்கள். ஒப்படைப் பட்டாவா, வில்லங்கம் வருமே என்பார்கள். இன்ஜினியர் எஸ்டிமேட் கேட்பார்கள். சம்பளச் சீட்டு கேட்பார்கள். கடைசியில் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, சுற்றுப்புறம் என்கிற இடத்தில் காலனி என்று எழுதுவார். அந்த ஒரு சொல் போதும். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வழக்குப் போடலாம். சுற்றுப்புறம் என்று எழுதினால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

வேடிக்கை என்னவென்றால், அந்த வங்கிக் கட்டடத்துக்கு ஆண்டுதோறும் பழுதுபார்ப்புத் தலைப்பில் பணம் ஒதுக்குகிறார்கள். கட்டடம் தேய்கிறது என்று தேய்மானம் எழுதுகிறார்கள். குடியிருப்புக் கட்டடத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம், மற்றதுக்கு 10 சதவீதம் என்று வருமான வரி விதியே தேய்மானம் வைத்திருக்கிறது. எங்களுக்கெல்லாம் வீட்டுக்கடனில் சலுகை வட்டி உண்டு. கலெக்டர் பங்களாவுக்குப் பொதுப்பணித்துறை இருக்கிறது. இந்த நாட்டில் தேய்மானம் இல்லாத ஒரே கட்டடம் சேரி வீடுதான். தேய்ந்துபோவது அதில் குடியிருக்கிறவர்கள்.

நகரத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடியில் புதிதாகக் குடிபோன சனங்கள் சுவரைக் கையால் தொட்டால் பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1990களில் கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து முன்னாலேயே ஜனங்கள் வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். அவர்களைக் காப்பாற்றியது எந்த இன்ஜினியரும் இல்லை, அவர்கள் கண்தான். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் அந்தக் கண்ணும் உதவவில்லை. நம்மைப் பிரித்து வைக்க எழுப்பிய 20 அடிச் சுவர் மழையில் சரிந்து, தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். நம் வீட்டை எவ்வளவு பழுதுபார்த்தாலும் அடுத்தவன் சாதிச் சுவர் நம் கூரைமேல் விழுகிற நாட்டில், பட்ஜெட் எந்த இடத்திலிருந்து போடுவது?

பழுது தானாக வருவது ஒரு பக்கம். வேண்டுமென்றே பண்ணுகிற பழுது இன்னொன்று. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் தானியத்தையும் தேடித்தேடி நாசம் பண்ணியது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கு மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். வெளியூர் போய் உழைத்துச் சேர்த்த பொருள். இரண்டு இடத்திலும் ஆத்திரம் ஆள்மேல் மட்டும் இல்லை, வீட்டின்மேல். நம் வீடு தேறி வருவதன்மேல். 1930இல் ராமநாதபுரத்துச் சேரிகளுக்கு விதித்த எட்டுத் தடைகளில் ஒன்று, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு புழங்கக்கூடாது என்பது. நம் குடும்ப பட்ஜெட்டைச் சாதி எப்போதோ போட்டு வைத்துவிட்டது. நாம்தான் இன்னும் போடவில்லை.

தீ, புயல், வெள்ளம், கலவரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வீட்டுக் காப்பீடு 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் கட்டாயம் விற்க வேண்டியதாக வந்திருக்கிறது. பாரத் கிருஹ ரக்ஷா என்று பெயர். (பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்.) தேய்மானத்துக்கும் ஒழுகலுக்கும் இதில் காசு வராது. கலவரச் சேதத்துக்கு வரும். காலனியில் எத்தனை வீட்டில் இது இருக்கிறது? வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்குகிறவனுக்கு வங்கி காப்பீட்டைக் கையோடு எடுக்க வைக்கும். நம் வீட்டை யாரும் அடகு வாங்குவதில்லை. அதனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லவும் நமக்கு யாருமில்லை.

இப்போது தோழர்களிடம் வருகிறேன்.

பட்டாவுக்குப் போராடினோம். தொகுப்பு வீட்டுக்கு மனு எழுதினோம். சாவி வாங்குகிற அன்றைக்குப் பறையடித்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டை யாராவது அண்ணாந்து பார்த்தோமா? வீட்டுக்கணக்கு பேசினால் குட்டிமுதலாளித்துவம், சீர்திருத்தவாதம், என்ஜிஓ வேலை என்று ஆளுக்கொரு முத்திரை குத்துகிறோம். தத்துவம் பேசிவிட்டு நாம் போய்ப் படுக்கிற வீட்டில் ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைப்பது அம்மா. குழுக் கூட்டத்தில் தவணை கட்டாததற்கு நாலு பேர் முன்னால் திட்டு வாங்குவது அக்கா. கடன்காரன் வாசலில் நிற்கும்போது பின்வாசல் வழியாகப் போய்விட ஆம்பளைக்கு முடிகிறது, அவர்களுக்கு முடிவதில்லை. அம்பேத்கர் 1923இல் வெளியிட்ட புத்தகம் ரூபாயின் பிரச்சினை பற்றியது. பணக்கணக்கு அவருக்குக் கேவலமாக இருக்கவில்லை. நமக்கு மட்டும் எதற்கு இந்தப் பார்ப்பனக் கூச்சம்? கணக்கு எழுதுகிற வேலை இன்னொருவனுடையது என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது?

வர்ணம் பூசுகிற செலவைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் நீராட்டுக்கும் கல்யாணத்துக்கும் கடன் வாங்கி ரோஸ் கலரும் பச்சைக் கலரும் அடிக்கிறார்கள், மேலே தளம் ஒழுகுகிறது, இது முட்டாள்தனம் இல்லையா என்று நம் படித்த பிள்ளைகளே கேலி பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சேரிக்காரன் ஓடு போடக்கூடாது, மாடி எழுப்பக்கூடாது என்று தடுத்த ஊர்கள் இருந்த நாட்டில் சுவருக்கு அடிக்கிற கலரும் ஒரு பேச்சுதான். அதைக் கேலி பண்ண எனக்கு மனசு வராது. ஆனால் கலர் அடிக்கிற அதே ஏணியில் இன்னும் நாலு படி ஏறி தளத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஈரம் இறங்கின சுவரில் அடித்த பெயிண்டு ஆறு மாதத்தில் செதில் செதிலாக வந்துவிடும். அந்தக் காசும் போச்சு.

60 வீடுள்ள ஒரு காலனியை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 200 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 1,44,000. முதல் கட்டப் பழுது வீட்டுக்குப் பத்தாயிரம் என்றால் ஆண்டுக்கு 14 வீடு. முழுக் காலனியையும் ஒரு சுற்றுப் பார்த்து முடிக்க நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். கொத்தனாரும் பெயிண்டரும் எலக்ட்ரீசியனும் காலனியிலேயே இருக்கிறார்களே, கூலி இல்லாமல் செய்யச் சொன்னால் சீக்கிரம் முடியுமே என்று ஒரு யோசனை உடனே வரும். வேண்டாம். கூலி இல்லாமல் வேலை வாங்கினால் அதற்குப் பெயர் வெட்டி. பண்ணையார் வாங்கினாலும் வெட்டி, சங்கம் வாங்கினாலும் வெட்டி. ஊரான் வீடெல்லாம் கட்டுகிற கைக்கு நம் வீட்டிலும் முழுக்கூலி கொடுப்போம். மிச்சம் பிடிக்க வேண்டியது பொருளில். சிமெண்டும் பூச்சு டப்பாவும் அறுபது வீட்டுக்குச் சேர்த்து வாங்கினால் கடைக்காரன் விலை இறங்குவான்.

எந்த வீடு முதலில் என்பதில்தான் சண்டை வரும். குலுக்கல் கூடாது, தலைவர் வீடு முதலில் என்பதும் கூடாது. காரை விழுகிற தளமும் ஈரச்சுவரில் கரண்ட் கசிகிற வீடும் முதல் வரிசை. அங்கே ஆள் சாவார்கள். அடுத்தது தண்ணீர் இறங்குகிற தளம். கதவு, தரை, கலர் எல்லாம் அப்புறம். சித்திரை வெயிலில் தளம் காய்ந்து விரிசல் பளிச்சென்று தெரியும்போது, ஒரு கொத்தனார், கணக்கு எழுத ஒரு பெண், ஒரு மாணவர் என்று மூன்று பேர் வீடு வீடாக ஏறிப் பார்த்து எழுத வேண்டும். புரட்டாசியில் பார்ப்பது வீண். வடகிழக்குப் பருவம் தொடங்கிவிட்டால் பூச்சும் நிற்காது, ஆளும் கிடைக்கமாட்டான்.

ஆனால் இதை மட்டும் செய்துவிட்டு உட்கார்ந்தால் அரசாங்கத்துக்குக் கொண்டாட்டம். பாருங்கள், தங்கள் வீட்டைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விடும். வாடகை வீட்டுக்காரனுக்கு விட்டுக்கொடுக்கிற அதே அளவில் வீட்டுக்கு 5,400 என்று 60 வீட்டுக்கு ஆண்டுக்கு 3,24,000 வந்தால், ஆண்டுக்கு 32 வீடு. நாலு வருஷ வேலை இரண்டு வருஷத்துக்குள் முடியும். நம் 200 ரூபாய் அவசரத்துக்கு நிற்கும். ஆகவே கோரிக்கை இதுதான். அரசு கட்டிக் கொடுத்த ஒவ்வொரு ஆதிதிராவிடர் வீட்டுக்கும் ஆண்டுப் பராமரிப்புத் தொகை, பட்ஜெட்டில் தனித் தலைப்பில். காசுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப ஒதுக்கித் தீர வேண்டும் என்று 2024இல் தமிழ்நாடு சட்டமன்றமே ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. 2011 கணக்கில் நாம் தமிழ்நாட்டில் 20 சதவீதம். அந்தப் பணத்தில் கேட்கிறோம்.

2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் அறிவித்தது. வரவேற்கிறோம். முப்பது வருஷம் கழித்தாவது அந்த வீடுகளுக்குள் மழை பெய்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கிறதே. ஆனால் ஒருமுறை அறிவிப்பு வேறு, வருஷா வருஷம் வருகிற ஒதுக்கீடு வேறு. அறிவிப்புக்குப் பட்டியல் வேண்டும். பட்டியலில் பெயர் சேர்க்க யார் காலையாவது பிடிக்க வேண்டும். ஒதுக்கீடு என்றால் வீடு எண்ணைச் சொன்னால் போதும்.

மே 1 கிராமசபை இதற்குத் தோதான நாள். சித்திரையில் எடுத்த பட்டியலை வீட்டு எண், கட்டிய ஆண்டு, திட்டத்தின் பெயர், பழுதின் கட்டம், கொத்தனார் சொன்ன தொகை என்று தாளில் எழுதி அன்றைக்குப் படியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டோம் என்பார்கள், எழுதச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து என்ன ஆச்சு என்று கேளுங்கள்.

இந்தப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பல காலனிகளின் கணக்கு சேர்ந்தால்தான் மாவட்டத்துக்கு எவ்வளவு கேட்பது என்று சொல்ல முடியும். கூடவே இன்னொன்றும் எழுதுங்கள்: அந்த வீட்டைப் பழுதுபார்க்க இதுவரை யார் யாரிடம் என்ன வட்டிக்கு வாங்கினீர்கள், எவ்வளவு கட்டினீர்கள். வட்டியை அசலோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள். தனி வரியில் எழுதுங்கள்.